கையைத் தூக்கினால் மட்டும்

ஜூன் 3

சின்னவளுக்கு,

போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய், நான் அதற்கு முன்பே கத்திவிடுகிறேன். அதனால்தான் காகிதம். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். அந்த அளவுக்கு உன்னை எனக்குத் தெரியும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பால் கம்பெனி பாஸ்கெட்பால் டீமில், ஓரத்தில் ஓடுகிற விங்குக்கு மாற்று ஆள் இல்லை. முதல் ஐந்து பேரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நடுவில் நிற்பவள் குளிர் அறையில் வேலை பார்க்கிறவள், அவளை நகர்த்தப் புல்டோசர்தான் வர வேண்டும். ஒரு ஓரத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள், அவளுக்குப் பெயரே ஃபோர்க்லிஃப்ட் என்று ஆகிவிட்டது. இன்னொரு ஓரத்தில் நம் வாண்டு. இருபத்தொரு வயதாகி, நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம் வளர்ந்தும் என் மகள் இன்னும் வாண்டுதான்.

பெஞ்சுதான் பிரச்சினை. லேபுக்கு வந்திருக்கிற புதுப் பெண் கூடைக்கு அடியில் நிற்கத்தான் லாயக்கு. கேன்டீன்காரி பந்தை அழகாகத் தட்டிக்கொண்டு போவாள், ஆனால் என் தோள் உயரம்கூட இல்லை. ஓரத்தில் ஓடக்கூடியவள் என்று பார்த்தால் அக்கவுண்ட்ஸ் பெண் ஒருத்திதான். பந்து தன் பக்கம் வந்தால் அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

இன்னும் நான்கு ஆட்டம் பாக்கி. கடைசி இரண்டு இடத்துக்குள் போனால் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். முதல் பிரிவில் இருக்கிறவரைதான் மேனேஜர் ஷிப்ட் நேரத்தில் பயிற்சிக்கு விடுவார். அது போனால் வேலை முடிந்து, வீட்டுக்குப் போய் சமைத்து, அதற்கப்புறம் யார் வருவார்கள்?

கம்பெனிக்கு வெளியிலிருந்து இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று லீக்கில் இடம் இருக்கிறது. நீ வா. இப்போதே சொல்லிவிடுகிறேன், பெஞ்சில்தான். முதல் ஐந்தில் இல்லை.

அக்கா


ஜூன் 10

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. மூன்று தடவை படித்தேன், ஊசியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று தேடி.

ஐந்து வருஷமாக என் பிறந்தநாளுக்கு அத்தான்தான் கூப்பிடுகிறார். பின்னால் நீ பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்கும். ஒரு வார்த்தை வராது. இப்போது திடீரென்று கடிதம், அதுவும் பெஞ்சில் உட்கார வா என்று. முப்பத்தேழு வயதில் உன் டீமின் பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பதை யாரெல்லாம் வேடிக்கை பார்க்க வேண்டும்? பட்டியலையும் சேர்த்து அனுப்பியிருக்கலாம்.

நம் டீமில் ஒரு விதி இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? நீ போட்ட விதிதான். களைத்துப் போனவள் கையை மூடித் தலைக்கு மேல் தூக்க வேண்டும். கோச் பார்த்துத் தலையசைத்தால் அவள் வெளியே வருவாள். கையைத் தூக்காதவளைக் கோச் வெளியே எடுக்கக் கூடாது. கையைத் தூக்கி வந்தவளுக்கு மூச்சு திரும்பியதும் அவளாகவே எழுந்து உள்ளே போகலாம், கோச்சும் தடுக்கக் கூடாது. ஊரில் எந்த டீமிலும் இல்லாத விதி என்று பெருமையடித்துக்கொள்வாய். அந்த விதியை நம்பித்தான் உயிரைக் கொடுத்து ஓடினோம்.

கடைசி ஆட்டத்தில் நான் கையைத் தூக்கவில்லை. கோச்சாக இருந்த நீ என்னை எடுத்தாய். அத்தனை பேர் முன்னால் என் இடத்தில் வேறொருத்தியை அனுப்பினாய். அன்றைக்குத்தான் நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். நீ அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

இங்கே எனக்கு வேலை கழுத்து வரை இருக்கிறது. ஃபிசியோதெரபி அறையில் நாளெல்லாம் அடுத்தவர் முட்டியை மடக்கி நீட்டிவிட்டு, ஞாயிறு மாலையில் நர்ஸ்களோடு கொஞ்சம் பந்து போடுகிறேன். அது போதும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மாற்று ஆளே இல்லை என்றால், இடது ஓரத்தில் ஓடுகிற குழந்தையை ஒரு ஆட்டத்தில் எவ்வளவு நேரம் ஆட விடுகிறாய்? நாற்பது நிமிஷமும் அவளேதானா?

சின்னவள்


ஜூன் 17

சின்னவளுக்கு,

வரமாட்டேன் என்று எழுத ஒரு வரி போதும். நீ ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய், அதில் முக்கால் பக்கம் பழைய கணக்கு. அந்த ஆட்டத்தில் கடைசி நிமிஷத்தில் எனக்கு உயரமான ஆள் தேவைப்பட்டது, எடுத்தேன். ஜெயித்தோம். ஜெயித்ததை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

அது இருக்கட்டும். வாண்டு இடது ஓரத்தில் ஓடுகிறாள் என்று உனக்கு யார் சொன்னது?

என் கடிதத்தின் நகல் என்னிடம் இல்லை, ஆனால் நான் எழுதியது எனக்கு மறக்காது. இரண்டு ஓரம் என்று எழுதினேன், எந்த ஓரம் என்று எழுதவில்லை. போன வருஷம் வரைக்கும் அவள் வலது. இந்தப் பிப்ரவரியில்தான் அவளாகவே கேட்டு இடதுக்கு மாறினாள். அத்தானுக்கு அது தெரியாது, அவருக்கு வலது இடது வண்டி ஓட்டும்போது மட்டும்தான்.

அவள் எவ்வளவு நேரம் ஆடுகிறாள் என்று உனக்கெதற்கு? உங்கள் ஆஸ்பத்திரி டீம் எந்த லீக்கில் இருக்கிறது என்று விசாரித்தேன். அடுத்த வருஷம் பெரிய லீக்குக்கு வரப் பார்க்கிறீர்களாமே. நல்லது. எங்களுக்கு விங்கில் ஆள் பஞ்சம் என்றால் உங்களுக்கும் இருக்காதா என்ன?

வாண்டு ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு தோழி வீட்டுக்குப் போகிறாள். காலையில் முதல் பஸ். தோழிக்குப் பெயர் கேட்டால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொல்கிறாள். நான் இதை உனக்குச் சும்மா எழுதுகிறேன்.

அக்கா


ஜூன் 24

அக்காவுக்கு,

போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டியவள் நீ. பால் பாக்கெட் எண்ணிக்கொண்டிருக்கிறாய்.

உன் மகளை இழுத்துக்கொண்டு வந்து வைத்துக்கொள்ள எனக்கு எந்தத் தேவையும் இல்லை. எங்கள் டீமில் விங்குக்கு நான்கு பேர் இருக்கிறோம், அதில் இரண்டு பேர் உட்கார இடமில்லாமல் தண்ணீர் பாட்டில் மேல் உட்காருகிறார்கள். இடது ஓரம் என்பது ஏதோ வாயில் வந்தது. இருப்பதே இரண்டு ஓரம், அதில் ஒன்றைச் சொன்னதற்கு இவ்வளவு விசாரணையா?

உனக்குப் பெஞ்சில் ஆள் இல்லை என்று அழுகிறாயே, அது யார் செய்த வேலை? உன் பெஞ்சில் உட்கார்ந்தவள் எவளாவது ஆடப் போயிருக்கிறாளா? மேல் சட்டையைக் கழற்றாமலே சீசன் முடிந்து வீட்டுக்குப் போவாள். அக்கவுண்ட்ஸ் பெண் கண்ணை மூடுகிறாள் என்றால், பந்து அவள் பக்கம் இதுவரை எத்தனை தடவை வந்திருக்கும்? முதல் ஐந்து பேரை மட்டும் நம்புகிறவளுக்கு ஆறாவது ஆள் எங்கிருந்து முளைக்கும்?

அவளை உள்ளே அனுப்பு. ஒவ்வொரு ஆட்டத்திலும் பத்து நிமிஷம், வாண்டுவுக்குப் பதிலாக. இதைச் செய். காரணம் கேட்காதே.

சின்னவள்


ஜூலை 2

சின்னவளுக்கு,

நீ சொன்னதைச் செய்தேன். சொன்னது நீ என்பதால் இல்லை, எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

சனிக்கிழமை இரண்டாம் கால் பகுதியில் வாண்டுவை எடுத்துவிட்டு அக்கவுண்ட்ஸ் பெண்ணை அனுப்பினேன். முதல் பந்தைக் கண்ணைத் திறந்துகொண்டே பிடித்தாள். பிடித்தவள் சந்தோஷத்தில் எதிர் டீம்காரியிடமே கொடுத்தாள். நாங்கள் முன்னால் இருந்தது போய், பதினொரு பாயிண்ட் பின்னால் போய், அப்புறம் மீளவே இல்லை.

ஆட்டம் முடிந்து பஸ்ஸில் வாண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் சொன்னாள், "நான் கையைத் தூக்கவே இல்லையேம்மா. சித்தியை எடுத்த மாதிரி என்னையும் எடுத்துட்ட இல்ல?" எழுந்து வேறு சீட்டுக்குப் போனேன். வீடு வரைக்கும் நான் ஃபோர்க்லிஃப்டோடு பேசிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் குளியலறையைக் கழுவும்போது தண்ணீர் போகிற ஓட்டையில் ஒரு நீல டேப் அடைத்துக்கொண்டிருந்தது. தசைக்கு ஒட்டுகிற டேப், எங்கள் முதலுதவிப் பெட்டியிலும் இருக்கிறது. எங்கள் டேப்பை எல்லோரும் கிழித்து ஒட்டுவார்கள், இல்லை நேராக வெட்டுவார்கள். இதில் நான்கு மூலையும் வட்டமாக வெட்டியிருந்தது.

பள்ளிக்கூடத்தில் நோட்டுக்கு லேபிள் ஒட்டும்போது நீ நான்கு மூலையையும் வட்டமாக வெட்டுவாய். என் லேபிளையும் பிடுங்கி வெட்டுவாய். "கூர்மையா இருந்தா உரிஞ்சு வந்துடும்க்கா" என்பாய். ஒரு நாள் வாடகை ரசீதைக்கூட வெட்டி அப்பாவிடம் அடி வாங்கினாய். உலகத்தில் வேறு யாருக்கும் இந்தப் பைத்தியம் இல்லை.

என் மகள் உன்னிடம் வந்துபோகிறாள். எத்தனை மாதமாக? அவளுக்குச் சட்டை நம்பர்கூடக் கொடுத்தாகிவிட்டதா? ஐந்து வருஷம் முன்னால் நான் உன்னை டீமிலிருந்து எடுத்தேன் என்பதற்காக, நீ என் டீமிலிருந்து அவளை எடுக்கிறாய். சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறாய். எனக்கு எங்கே வலிக்கும் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்.

பதில் எழுத வேண்டாம்.

அக்கா


ஜூலை 8

அக்காவுக்கு,

ஆமாம், வருகிறாள்.

டீமுக்காக இல்லை. அதற்கு மேல் நான் எழுத முடியாது. சத்தியம் பண்ணியிருக்கிறேன், அதோடு என் வேலைக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது.

நீ நீல டேப்பின் மூலையைப் பார்த்தாய். அதை உடம்பில் எங்கே ஒட்டுவார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? யோசித்திருக்கமாட்டாய். என் மேல் சந்தேகப்படவே உனக்கு நேரம் சரியாக இருந்திருக்கும்.

காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது மாடிப்படி இறங்குவதைக் கீழே நின்று பார். கூப்பிடாதே. கூப்பிட்டால் அவள் நன்றாக நடப்பாள்.

சின்னவள்


ஜூலை 15

சின்னவளுக்கு,

படியில் நின்று பார்க்கச் சொன்னாய். நான் ஏப்ரலிலிருந்து அந்தப் படியில்தான் நிற்கிறேன்.

ஏப்ரலில் ஒரு நாள் பயிற்சி முடிந்து உடை மாற்றுகிற அறையில் அவள் தனியாக அழுதுகொண்டிருந்தாள். முட்டி சுளுக்கிக்கொண்டதாம், சின்னச் சுளுக்காம். "சித்திகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. அவங்க ஆஸ்பத்திரில எழுதி வெச்சு என்னை ஆடவே விடாம பண்ணிடுவாங்க. என் தலைமேல கை வை" என்றாள். வைத்தேன். உன்னிடம் பேசுகிற வழக்கமே இல்லாதபோது உன்னிடம் சொல்லாதே என்று ஏன் கேட்கிறாள் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உன்னிடம் எப்படிச் சத்தியம் வாங்கினாள் என்று நான் கேட்காமலே எழுதுகிறேன். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சித்தி, அம்மா என்னை உட்கார வெச்சுடுவாங்க." சரியா? ஒரே கழுதை நம் இரண்டு பேர் வாயையும் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறது. நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒருத்தியை ஒருத்தி திருடி என்று எழுதிக்கொண்டிருந்தோம்.

சுளுக்கு என்றால் மூன்று மாதத்தில் சரியாகியிருக்கும். ஆகவில்லை. நான் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறாள். கையைத் தூக்கு என்று சாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "தூக்கிட்டு வந்தா என் இடத்துல யாரு நிப்பா?" என்று அக்கவுண்ட்ஸ் பெண்ணைக் காட்டினாள். வலுக்கட்டாயமாக எடுத்தால் என்ன ஆகிறது என்று போன கடிதத்தில் எழுதிவிட்டேன். முந்தாநாள் ஆட்டத்திலும் பாதி நேரம் உட்கார வைத்தேன். தோற்றோம். இப்போது அவள் என்னோடு சாப்பிடக்கூட உட்காருவதில்லை.

அதனால்தான் ஜூனில் உனக்கு எழுதினேன். தன் இடத்தில் யார் நின்றால் அவள் நிம்மதியாக வெளியே வருவாள் என்று நாள்கணக்கில் யோசித்தேன். ஒரு ஆள்தான் கிடைத்தாள். அந்த ஆளோடுதான் எனக்குப் பேச்சில்லை. காரணத்தை எழுத முடியாமல் சத்தியம் வேறு. அதனால் பெஞ்சுக்கு ஆள் வேண்டும் என்று எழுதினேன், அதுவும் பொய் இல்லை.

எனக்கு இன்னும் உன்மேல் முழு நம்பிக்கை வரவில்லை. வலி என்று தெரிந்தும் டேப் ஒட்டி ஒட்டி ஆட அனுப்பியிருக்கிறாயே, அது எந்த வைத்தியத்தில் சேர்த்தி? ஆனால் முட்டிக்குள் என்ன என்று சொல்லக்கூடிய ஆள் நீதான். சத்தியத்தை அவளே இரண்டு பக்கமும் வாங்கிக் கெடுத்துவிட்டாள், இனி அது செல்லாது. சொல்லு.

அக்கா


ஜூலை 19

அக்காவுக்கு,

என் அறைக்குள் அவளைத் தனியாக உட்காரவைத்து உன் கடிதத்தைக் காட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள், அப்புறம் அழுதாள். "சொல்லிக்கோங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

முட்டிக்கு உள்ளே மெத்தை மாதிரி இருக்கிற சவ்வு ஓரத்தில் கிழிந்திருக்கிறது. இடது கால். இடது ஓரத்துக்கு ஏன் மாறினாள் என்று இப்போது புரிகிறதா? அந்தப் பக்கத்திலிருந்து கூடைக்குத் தாவும்போது வலது காலில் எம்பலாமாம், அவளே கண்டுபிடித்த வைத்தியம். எங்கள் சர்ஜன் பார்த்துவிட்டார். சீசன் முடிந்ததும் சின்ன ஆபரேஷன். அதுவரைக்கும் விளையாடாமல் இருப்பதுதான் நல்லது, கேட்கவே மாட்டேன் என்றால் ஒரு ஆட்டத்தில் கால்வாசி நேரத்துக்கு மேல் கூடாது என்றார். களைத்த காலோடு ஒரு தடவை தப்பாகத் திரும்பினால் முழுசாகக் கிழியும். அப்புறம் ஆட்டமும் இல்லை, நேரான நடையும் இல்லை.

டேப் ஒட்டி அனுப்பினேன் என்கிறாய். நான் ஒட்டாவிட்டால் ஒட்டாமல் ஆடுவாள். உன் ரத்தம்தானே.

கடைசி ஆட்டத்துக்கு வருகிறேன். என் மேலதிகாரியிடம் லீவு சொல்லிவிட்டேன், உன் லீக்குக்குக் கொடுக்க வேண்டிய டாக்டர் சான்றிதழும் கூட இருக்கிறது. ஆனால் சில விஷயங்களை இப்போதே பேசிக்கொள்வோம். பெஞ்சில் உட்காருகிறேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. வாண்டு கையைத் தூக்கினால் நான் உள்ளே போவேன். விதி விதியாகவே இருக்க வேண்டும். நான் கையைத் தூக்காமல் நீ என்னை எடுக்கக் கூடாது. தூக்கினால் உடனே எடுக்க வேண்டும், எனக்கு இருபது வயது இல்லை.

இதிலும் நீ ஏதாவது சூட்சுமம் வைத்திருந்தால், அக்கா, இதுதான் நம் கடைசிக் கடிதமாக இருக்கும்.

சின்னவள்


ஆகஸ்ட் 4

அக்காவுக்கு,

ஆட்டம் முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன் என்று அத்தான் போனில் வருத்தப்பட்டார். அவரிடம் எனக்குக் கோபம் இல்லை.

முதல் பகுதி முடிகிற நேரத்தில் வாண்டு கையைத் தூக்கினாள். நீ தலையசைத்ததையும் பார்த்தேன். அவள் என்னைக் கடந்து வெளியே வரும்போது என் உள்ளங்கையில் தட்டிவிட்டு, "இடது பக்கம் அந்தக் குட்டை முடிக்காரி கையைப் பிடிச்சு இழுப்பா சித்தி, பார்த்துக்கோங்க" என்றாள். இதற்காகவாவது வந்தேனே என்று நினைத்தேன்.

ஓடினேன். என்னால் முடிந்ததைவிட ஓடினேன். இரண்டாம் பகுதி, மூன்றாம் பகுதி. கண் முன்னால் பூச்சி பறந்தது. கடைசிப் பகுதியில் ஐந்து நிமிஷம் இருக்கும்போது கையைத் தூக்கினேன். நீ பார்க்கவில்லை. சரி, நடுவர் மறைத்திருப்பார் என்று நினைத்தேன். இரண்டு நிமிஷம் இருக்கும்போது பந்து வெளியே போய் ஆட்டம் நின்றிருந்தது. உனக்கு நேர் எதிரே நின்று தூக்கினேன். நீ என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டுக் குனிந்து உன் ஷூ லேஸைப் பார்த்தாய்.

அக்கவுண்ட்ஸ் பெண் உன் இடது பக்கத்தில் சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். அவளையாவது அனுப்பியிருக்கலாம். அவள் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தால்கூட அந்தக் கடைசிப் பந்து வளையத்தைத் தொட்டிருக்கும். என் கால் எம்பவே இல்லை. பந்து காற்றில் போய் விழுந்தது. மொத்தக் கூட்டமும் சிரித்தது. ஒரு பாயிண்டில் தோற்றோம், உன் டீம் இரண்டாம் பிரிவுக்குப் போயிற்று, அதைச் செய்தவள் நான் என்று ஊருக்கே தெரியும்.

கையைத் தூக்காத அன்றைக்கு என்னை எடுத்தாய். தூக்கிய அன்றைக்கு விட்டுவிட்டாய். முதல் கடிதத்திலேயே ஊசியைத் தேடினேன், கிடைக்கவில்லை. இப்போது கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வாண்டுவை ஸ்கேனுக்கு அனுப்பு. நேரத்துக்கு வரச் சொல். உன்னோடு எனக்கு இனி பேச ஒன்றும் இல்லை.


ஆகஸ்ட் 10

சின்னவளுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை, வாண்டு கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். வழியில் பிரித்துப் படித்தால் படிக்கட்டும்.

நீ கையைத் தூக்கியதை இரண்டு தடவையும் பார்த்தேன்.

முதல் தடவை எனக்கு முன்னால் அவள் பார்த்தாள். ஆட்டத்துக்கு முந்தின நாள் அவளிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தேன். "சித்தி நிக்கற வரைக்கும் உட்கார்ந்திருக்கேன். சித்தி கை தூக்கிட்டா அது என் இடம்மா, நான் போவேன், நீ தடுக்கக் கூடாது" என்றாள். விதி அவள் பக்கம். நான் போட்ட விதி, உன் கடிதத்தில் நீயே மறுபடி எழுதிக் காட்டிய விதி. அவள் வாக்கைக் காப்பாற்றினாள். நீ ஓடிய இரண்டு பகுதியும் முட்டியில் ஐஸை வைத்துக்கொண்டு, என்றைக்கும் இல்லாத நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். சிரித்தாள்கூட.

உன் கை மேலே போனதும் ஐஸ் பை கீழே விழுந்தது. மேல் சட்டை ஜிப்பை இறக்க ஆரம்பித்தாள். அக்கவுண்ட்ஸ் பெண்ணை அனுப்பியிருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். உன்னை மாற்ற நான் தலையசைத்திருந்தால் முதலில் எழுந்து நிற்கிறவள் வாண்டுதான். அந்த ஆட்டத்தில், அந்த ஸ்கோரில், இரண்டு நிமிஷம் இருக்கும்போது, அவளைப் பிடித்து நிறுத்த என்னால் முடியாது. உன்னாலும் முடியாது. கோச் பார்த்தால்தான் தூக்கிய கை செல்லும். அதனால் நான் பார்க்கவில்லை.

பெஞ்சுக்கு அடியில் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் திருகினாள். "அம்மா, சித்தி தூக்குறாங்க, விடும்மா" என்றாள். நான் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் முகத்தைப் பார்த்தால் விட்டுவிடுவேன் என்று பயம். உன்னை அங்கே தவிக்க விட்டேன் என்று எனக்குத் தெரியும். நீ கீழே விழுந்திருந்தாலும் பிடித்த கையை விட்டிருக்கமாட்டேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டது ஜெயிக்கிற டீம் இல்லை. அவள் இடத்தில் கடைசி வரைக்கும் நிற்கிற ஒரு ஆள். வேறு யாரையும் நம்பி நான் குனிந்து உட்கார்ந்திருக்கமாட்டேன்.

இதையும் நீ நம்பப் போவதில்லை. அவள் வலது மணிக்கட்டைத் திருப்பிப் பார். நான்கு விரல் பதிந்த தடம் இருக்கும்.

மேனேஜர் பயிற்சி நேரத்தை எடுத்துவிட்டார். அடுத்த வருஷம் இரண்டாம் பிரிவு, வேலை முடிந்துதான் ஆட்டம். ஃபோர்க்லிஃப்ட் வருகிறேன் என்றாள். அக்கவுண்ட்ஸ் பெண் பந்தை வீட்டுக்கு எடுத்துப்போகக் கேட்டாள், கொடுத்தேன்.

அக்கா


ஆகஸ்ட் 11

அக்காவுக்கு,

வாண்டு ஸ்கேன் அறைக்குள் இருக்கிறாள். அவள் வெளியே வருவதற்குள் எழுதி அவள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். உன் கடிதத்தின் பசையைப் பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறாள், மூலை கோணலாக இருந்தது.

வியாழக்கிழமை காலை ஆபரேஷன். கிழிசல் பெரிதாகவில்லை, பிப்ரவரியில் இருந்த அளவில்தான் இருக்கிறது என்று சர்ஜன் சொல்லிவிட்டார். நீ புதன் மாலையே வந்துவிடு. என் வீட்டில் ஒரு கட்டில்தான், அதில் நீ படுத்துக்கொள். அத்தானை வரச் சொல்லாதே, அவர் குறட்டைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் காலி பண்ணிவிடுவார்.

மணிக்கட்டைப் பார்த்தேன். தடம் மஞ்சளாகிவிட்டது. தடவிப் பார்த்தபோது அவள் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள், நானும் அவளைப் பார்க்கவில்லை. அழுதால் மாற்று ஆள் இல்லாத வேலை இது.

நீ நான்கு விரல் என்று எழுதியிருந்தாய். மூன்றுதான் இருக்கிறது. நான்காவது எங்கே என்று புதன்கிழமை நேரில் வந்து சொல்.

சின்னவள்